தெஹிவளை – கல்கிசை மணல்நடை: போகுமுன் தெரியவேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

தெஹிவளை புகையிரத நிலையத்தில் தொடங்கித் தெற்கே கல்கிசை வரை கிடக்கும் மணற்கரை சுமார் 2 கிலோமீற்றர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தண்டவாளம், அதை ஒட்டி மீனவர் குடியிருப்பு. கொழும்பிலே ஒரு மணித்தியாலத்துக்குள் நடந்து முடிக்கக்கூடிய நடைகளில் இதைவிட நல்லது வேறில்லை என்பது என் முடிவான எண்ணம். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இது வீட்டு முற்றம் மாதிரி. இருந்தும் பலர் பஸ் ஏறிக் காலிமுகத்திடலுக்குப் போகிறார்கள். அது நல்ல இடந்தான், ஆனால் அங்கே காலுக்குக் கீழே மணல் இல்லை.

விடுமுறை நாட்களின் பின்னேரங்களில் இந்தக் கரையில் நடப்பதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. குடும்பம் குடும்பமாகத் தண்டவாளத்தின் மேல் நடக்கிறார்கள். கையில் பிள்ளை, காதில் போன், முதுகுக்குப் பின்னால் எந்நேரமும் வரக்கூடிய வண்டி. இவர்களில் பெரும்பாலோர் துணிச்சலைக் காட்ட ஏறியவர்கள் அல்லர். நடந்துவந்த மணல் முடிந்துபோனதால் ஏறியவர்கள். மணல் எங்கே ஒடுங்கும், எந்த மாதத்தில் ஒடுங்கும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று முன்பே தெரிந்திருந்தால் அந்த நிலைக்கு வந்திருக்கமாட்டார்கள். அதைத்தான் தங்கள் பத்திரிகை வழியாக விளக்கமாக எழுத விரும்புகிறேன்.

முதலில் திசை. தெஹிவளையில் தொடங்கிக் கல்கிசையில் முடிக்கவேண்டும். பெரும்பாலோர் இதை மாற்றிச் செய்கிறார்கள்: கல்கிசைக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, பொழுது சாயும் நேரத்தில் வடக்கு நோக்கி நடக்கத் தொடங்குகிறார்கள். கல்கிசைப் பக்கம் மணல் அகலம், தெஹிவளைப் பக்கம் ஒடுக்கம். ஆகவே வடக்கே போகப் போக மணல் குறைகிறது, வெளிச்சமும் குறைகிறது. கடைசியில் ஒரு பக்கம் அலை, மறுபக்கம் பாறாங்கல் அணை என்று ஆகும்போது திரும்பிப் போக மனம் வராமல் கல்லில் ஏறி, அங்கிருந்து தண்டவாளத்துக்கு வந்துவிடுகிறார்கள். தெஹிவளையில் தொடங்கினால் ஒடுங்கிய பகுதி முதல் பத்துப் பதினைந்து நிமிடத்திலேயே வந்துவிடும். அங்கே மணல் போதாவிட்டால் திரும்பி நிலையத்துக்கே வரலாம், ஒன்றும் நட்டமில்லை. அதைத் தாண்டிவிட்டால் கரை அகன்றுகொண்டே போகும். தெற்கே கல்கிசை முனையும் அதன் மேலுள்ள பழைய ஹோட்டல் கட்டடமும் வழி முழுக்கக் கண்ணுக்கு முன்னால் இருக்கும். இடம் தெரியாதவருக்கு வேறு அடையாளம் தேவையில்லை.

போய்ச் சேருவது எளிது. கரையோரப் பாதையில் வெள்ளவத்தைக்கு அடுத்த நிலையம் தெஹிவளை, அதற்கு அடுத்தது கல்கிசை. காலி, மாத்தறைக்குப் போகும் கடுகதி வண்டிகளை நம்பி ஏறவேண்டாம். எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டி எது என்று கேட்டு ஏறுங்கள். பஸ்ஸில் வருவதானால் காலி வீதியில் ஓடும் 100, 101 இலக்க பஸ்கள் போதும். தெஹிவளையில் நிலைய வீதி முனையில் இறங்கிக் கடல் பக்கமாக நடந்தால் நிலையம் வந்துவிடும். நடை கல்கிசையில் முடிவதால் திரும்பும்போது புகையிரதத்தில் ஒரே ஒரு நிலையம். வாகனத்தைக் கொண்டுபோய்க் கரையில் நிறுத்த இடம் தேடும் வேலையும் இல்லை.

இனிப் பருவம். வடக்கிலும் கிழக்கிலும் இருந்து வந்து கொழும்பில் வாழும் நாங்கள் தவறுவது இந்த இடத்தில்தான். ஊரில் வாடை என்ற வடகிழக்குக் காற்று வந்தால் கடல் கொந்தளிக்கும், சோழகம் என்ற தென்மேற்குக் காற்று வந்தால் அடங்கும் என்று வளர்ந்திருக்கிறோம். திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் அது சரி. ஆவணி மாதத்தில் நிலாவெளியும் பாசிக்குடாவும் குளம் போலக் கிடக்கும். கொழும்பு மேற்குக் கரை. இங்கே கணக்கு தலைகீழ். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை சோழகம் இந்தக் கரையை நேருக்கு நேர் அடிக்கிறது. அலை உயரும், மணலை அள்ளிக்கொண்டு போகும், கரை செங்குத்தாக வெட்டுப்படும். பாடசாலைகளின் ஆவணி விடுமுறை இந்தக் காலத்துக்குள் வருவதால், ஊரிலிருந்து வரும் உறவினர்களை அழைத்துக்கொண்டு பிள்ளைகளோடு கடலில் இறங்குகிறவர்கள் தங்கள் ஊர்க் கடலின் நினைப்பில் இறங்குகிறார்கள். இது கொல்லும் தவறு. உறவினருக்கு இடியப்பம் அவிக்கும்போதே இந்த வேறுபாட்டையும் சொல்லிவிடுங்கள்.

நடைக்கு உகந்த காலம் டிசெம்பர் முதல் மார்ச் வரை. வாடை காலத்தில் காலையில் காற்று தரைப் பக்கமிருந்து மெல்ல வீசும், அலை தாழ்ந்து வரும், சோழகம் கொண்டுபோன மணலில் ஒரு பங்கைக் கடல் திருப்பிக் கொடுத்திருக்கும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடிமுழக்கத்தோடு மழை வரும். திறந்த கரையில் நிற்கும் ஆளும், தனித்து நிற்கும் தென்னையும் மின்னலுக்கு உயர்ந்த புள்ளிகள். அந்த மாதங்களில் காலை நடை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இடி கேட்டால் மரத்தடிக்குப் போகாமல் கட்டடத்துக்குள் போகவேண்டும்.

காலை நடைக்கு வேறொரு நன்மையும் உண்டு. சூரியன் தரைப் பக்கம் எழுவதால் வீடுகளும் மரங்களும் கரையின் மேல் நிழலை விரித்து வைத்திருக்கும். ஆறு, ஆறரைக்கு இறங்கினால் ஏழரை வரை முகத்தில் வெயில் படாது. பின்னேரத்தில் நிழலே இல்லை. தெற்கே நடப்பவரின் வலக்கன்னத்தில் வெயில் நேராக விழும், ஈரமணலிலிருந்து பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் கூசும். சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க ஆசைப்பட்டால் ஐந்து மணிக்குள் நடையை முடித்துவிட்டுக் கல்கிசையில் உட்கார்ந்து பாருங்கள். ஆண்டு முழுவதும் அது 5.50 க்கும் 6.30 க்கும் இடையில் மறையும். மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டிவிடும். இந்த நாட்டில் அந்தி நீளம் இல்லை என்பதை வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள்.

வற்றுப்பெருக்குப் பற்றிச் சொல்லவேண்டும். கொழும்பில் அது பெரிதல்ல, அமாவாசை, பௌர்ணமி நாட்களில்கூட ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையில் இரண்டு அடியளவுதான். அதனால் ‘இங்கே வற்றுப்பெருக்கே இல்லை’ என்று சொல்வார்கள். கரையின் சரிவைச் சேர்த்துப் பார்க்காததால் வரும் பேச்சு அது. பத்தடி நடந்தால் ஓரடி உயரும் சரிவில் தண்ணீர் இரண்டடி ஏறினால், ஓரம் 20 அடி உள்ளே வந்துவிடும். தெஹிவளைப் பக்கத்தின் ஒடுங்கிய இடங்களில் மொத்த மணலும் அவ்வளவுதான். நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஒவ்வொரு நாளும் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். ஆகவே போன சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அகலமாக இருந்த மணல், வருகிற சனிக்கிழமை அதே நேரத்தில் தண்ணீருக்குள் இருக்கலாம். போயா விடுமுறை பௌர்ணமி நாளில் வருவதால் கரையில் கூட்டம் அதிகமாக இருக்கும் நாளிலேயே கடலும் கூடுதலாக ஏறுகிறது.

வற்றுப்பெருக்கு நேர அட்டவணை தேட நேரமில்லாதவருக்குக் கடலே எழுதி வைத்த ஒரு கோடு இருக்கிறது. கடைசியாகக் கடல் ஏறியபோது ஒதுக்கிவிட்டுப் போன பாசி, சருகு, கொட்டாங்கச்சி, பிளாஸ்டிக் மூடி எல்லாம் கரை நெடுக ஒரே வரிசையில் கிடக்கும். இறங்கியவுடன் அந்தக் குப்பைக் கோட்டைப் பாருங்கள். கோட்டுக்கும் பாறாங்கல் அணைக்கும் இடையில் ஆறு எட்டு வைக்கும் அளவுக்குக் காய்ந்த மணல் இருந்தால் தாராளமாக நடக்கலாம். மூன்று எட்டுத்தான் என்றால் கடல் இப்போது வற்றுகிறதா ஏறுகிறதா என்று பார்க்கவேண்டும். அலை தொடும் இடத்தில் ஒரு குச்சியை நட்டு ஐந்து நிமிடம் நின்றால் ஓரளவு தெரிந்துவிடும். அதைவிடக் குறைந்த நேரம் பார்த்தால் ஏமாறுவோம், ஏனென்றால் சிறிய அலைகள் பல வந்தபின் பெரிய அலைகள் சில சேர்ந்து வருவது கடலின் வழக்கம். குப்பைக் கோடு கல்லிலேயே முட்டிக்கொண்டு கிடந்தால் நடையை வேறொரு நாளைக்கு வைத்துவிடுங்கள்.

பாறாங்கல் அணையில் ஏறவே கூடாது. அது தண்டவாளத்தைக் கடலிடமிருந்து காக்கக் குவித்த கல், படிக்கட்டு அல்ல. சாம்பல் நிறத்தில் காய்ந்து தெரியும் கல் கால் கொடுக்கும். பச்சையாகவோ கறுப்பாகவோ மினுங்கும் கல் பாசி பிடித்தது, சவர்க்காரத்தில் கால் வைத்தது போல வழுக்கும். அதைவிட ஆபத்து கற்களுக்கு இடையில் உள்ள பொந்து. கால் முழங்கால் வரை இறங்கிச் சிக்கிக்கொண்டால் அடுத்த அலை வருவதற்குள் தனியாக எடுக்கமுடியாது.

தண்டவாளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுவதற்கு மன்னிக்கவேண்டும். 1895 இல் மாத்தறையை எட்டிய கரையோரப் பாதை இது. இந்தப் பகுதியில் இரட்டைப் பாதை. தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் நடப்பதற்குக் காரணம், வண்டி வந்தால் சத்தம் கேட்கும் என்ற நம்பிக்கை. இந்தக் கரையில் அந்த நம்பிக்கை பொய்க்கும். பக்கத்தில் அலை உடையும் இரைச்சல் ஓயாமல் இருக்கிறது. சோழகக் காற்று அடிக்கும்போது சத்தத்தைத் தரைப் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது. பின்னால் வரும் வண்டி மிகக் கிட்ட வந்தபிறகுதான் காதில் விழும். அடுத்தது, ஒரு வண்டிக்கு விலகி மற்றப் பாதையில் நிற்பது. அந்தப் பாதையில் எதிரே இன்னொன்று வரும்போது முதல் வண்டியின் இரைச்சல் அதை மூடிவிடுகிறது.

தண்டவாளத்துக்கு வெளியே நின்றால் போதும் என்று நினைப்பதும் தவறு. தண்டவாளங்களின் இடைவெளி ஐந்தரை அடி, ஆனால் பெட்டி அதைவிட அகலம். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய இரண்டு அடி வெளியே நீண்டு வரும். அலுவலக நேரத்தில் மிதிபலகையில் தொங்குபவர்களின் காலும் பையும் அதற்கும் வெளியே. சாரதி கண்டு தடை போட்டாலும் வண்டி நிற்கப் பல நூறு மீற்றர் வேண்டும். கரைக்கு இறங்கவும் ஏறவும் நிலையத்தருகே, இரு பக்கமும் தூரத்துக்குத் தெரியும் கடவையில் மட்டும் கடக்கவேண்டும். நின்று, இரு பக்கமும் பார்த்து, வண்டி ஒன்று போனபின் அதன் கடைசிப் பெட்டி தூரம் போகும்வரை காத்து, மற்றப் பாதையையும் பார்த்தபிறகே கால் வைக்கவேண்டும். பிள்ளையை நடக்கவிட்டுப் பின்னால் வராமல் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு கடவுங்கள்.

இனி நடை. அலை வந்து திரும்பியதும் தண்ணீர் உடனே வடிந்துவிடும் ஒரு பட்டை மணல், நாலைந்து அடி அகலத்தில், கரை நெடுக இருக்கும். அதுதான் இறுக்கமான மணல், அதிலேதான் நடக்கவேண்டும். மேலே காய்ந்த மணலில் கால் புதையும், கெண்டைக்கால் பத்து நிமிடத்தில் வலிக்கும். ஆனால் அந்த இறுகிய பட்டை கடல் பக்கம் சரிந்தது. தெற்கே போகும்போது வலக்கால் எப்போதும் தாழ்ந்தே விழும். முழங்கால் நோ, இடுப்பு நோ உள்ளவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். ஒரு வழி நடந்து புகையிரதத்தில் திரும்பினால் ஒரு பக்கத்துக்கே பாரம். அவர்கள் பாதித் தூரம் போய்த் திரும்பி அதே கரையால் வந்தால் இரு காலுக்கும் சமமாகிவிடும். சாதாரண நடையில் மணலில் 2 கிலோமீற்றருக்கு 35 முதல் 45 நிமிடம் பிடிக்கும். பிள்ளைகள் சிப்பி பொறுக்கினால் ஒரு மணித்தியாலம்.

வெறுங்காலோடு நடக்க எல்லாருக்கும் ஆசை. கல்கிசைப் பக்கத்து அகன்ற மணலில் நடக்கலாம், தெஹிவளைப் பக்கத்தில் வேண்டாம். உடைந்த போத்தல், துருப்பிடித்த தூண்டில், அறுந்த நைலோன் நூல் எல்லாம் மணலுக்குள் கிடக்கும். பாட்டா செருப்பு ஈரமணலில் கழன்று அலையோடு போய்விடும், குதியைப் பிடிக்கும் வார் உள்ள செருப்பே நல்லது. தூண்டில் குத்தினால் வந்த வழியே இழுக்காதீர்கள். முனையிலுள்ள முள் தசையைக் கிழிக்கும். நூலை வெட்டிவிட்டு, அசையாமல் சுற்றிக்கட்டி, வைத்தியசாலைக்குப் போகவேண்டும். ஏற்புத் தடுப்பூசி எப்போது போட்டது என்று அங்கே கேட்பார்கள், தெரிந்துவைத்திருங்கள். கிட்டிய பெரிய அரசாங்க வைத்தியசாலை களுபோவிலையில் இருக்கிறது.

கொண்டுபோக வேண்டியது அதிகமில்லை. ஆளுக்கு அரை லீற்றர் தண்ணீர், தொப்பி, கொஞ்சம் சில்லறைக் காசு, மீன் வாங்கும் எண்ணமிருந்தால் தடித்த பை ஒன்று. மணலில் பொது மலசலகூடம் இருக்கும் என்று நம்பி இறங்கவேண்டாம். முதியவர்களும் சிறுபிள்ளைகளும் புறப்படுமுன் இதை யோசித்துக்கொள்வது நல்லது.

மீனவர் படகுகள் கிடக்கும் இடம் இந்த நடையின் உயிர். கண்ணாடியிழைப் படகுகளை மணலில் ஏற்றி, கயிறு கட்டி, மேட்டுப் பக்கம் முளையில் முடிந்து வைத்திருப்பார்கள். அந்தக் கயிறு முழங்கால் உயரத்தில் நிற்கும், மங்கிய வெளிச்சத்தில் மணலின் நிறத்தோடு ஒன்றிவிடும். கடல் பக்கமாகச் சுற்றாமல், கயிறு கட்டிய முளைக்கும் பின்னால் சுற்றிப் போங்கள். அலையில் படகு அசைந்தால் கயிறு விறைத்துக் காலைத் தட்டிவிடும். விரித்து வைத்த வலையை மிதிக்கவோ தாண்டவோ கூடாது. மணலோடு சேர்த்து மிதித்தால் நூல் உரசி நைந்துபோகும், செருப்பின் வாரில் ஒரு கண் மாட்டினால் வலை கிழியும். அதைத் தைக்க ஒரு மனிதனின் ஒரு காலை நேரம் போய்விடும். படகை மேலே ஏற்றும்போது குறுக்கே போகாதீர்கள். அடியில் உருளும் மரம் எந்தப் பக்கம் வழுகும் என்று சொல்லமுடியாது. தள்ளக் கைகொடுப்பதானால் அவர்கள் காட்டும் இடத்தில் நின்று, அவர்களின் குரலுக்குத் தள்ளவேண்டும். படம் எடுக்குமுன் கேட்டால் அநேகமாகச் சம்மதிப்பார்கள்.

மீன் வாங்குபவர்களுக்குப் பெயரில் தடுமாற்றம் வரும். இங்கே சிங்களத்தில் ‘ஹுருல்லா’ என்பது நம்முடைய கீரிமீன். ‘சாலயா’ சூடை. ‘ஹால்மஸ்ஸோ’ நெத்தலி. ‘தோரா’ அறக்குளா, ‘பலயா’ சூரை, ‘பராவ்’ பாரை. கண் பிதுங்கித் தெளிவாக இருக்கவேண்டும், செவுள் சிவந்திருக்கவேண்டும், விரலால் அழுத்திய பள்ளம் உடனே எழவேண்டும். சூரை, கீரி போன்ற கறுத்த இறைச்சியுள்ள மீன்கள் வெயிலில் விரைவில் பழுதாகி, சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து கடி எழும்பச் செய்யும். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே மீன் வாங்கினால் கல்கிசை வரை நடையை நீட்டாமல் வீட்டுக்குத் திரும்புங்கள். நடை நாளும் மீன் நாளும் வேறு வேறாக இருப்பது உத்தமம்.

மழை பெய்த மறுநாள் கவனிக்கவேண்டியது வாய்க்கால்கள். தண்டவாளத்துக்குக் கீழே மதகு வழியாக வரும் நகரத்துக் கழிவுநீர் மணலை அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகும். வெட்டுப்பட்ட விளிம்பில் நின்றால் மணல் காலோடு சரிந்துவிடும். மேலே ஒடுங்கிய இடத்தில் தாவாமல், கடலோரத்தில் தண்ணீர் விரிந்து கணுக்காலுக்குக் கீழே ஓடும் இடத்தில் கடக்கவேண்டும். காலில் புண் இருந்தால் கடக்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணீரிலிருந்து புண் வழியாக ஏறக்கூடும். கடந்த பிறகு காலைக் கழுவுங்கள், கடல் தண்ணீரில் அல்ல, வீட்டில் சவர்க்காரம் போட்டு.

சிப்பி பொறுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்து ஜூனில் மூழ்கிய ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கப்பலிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரை நெடுகப் பரவின. சவ்வரிசி போல வெள்ளையாக, உருண்டையாக இருக்கும். தீயில் கருகியவை மண்ணிறக் கட்டியாகக் கிடக்கும். குப்பைக் கோட்டை விரலால் கிளறினால் தட்டுப்படக்கூடும். கண்டால் வாயில் வைக்கவிடாமல், கையைக் கழுவச் செய்யுங்கள்.

நடுப்பகுதியில் அடம்பன் கொடி படர்ந்த மணல்மேடு எஞ்சியிருக்கும் இடங்களில் அதை மிதிக்காமல் விலகி நடக்கவேண்டும். மணலைப் பிடித்து வைப்பது அந்தக் கொடிதான். திரண்டால் மிடுக்கு என்று நம் முன்னோர் சொன்ன கொடி அது. பத்துப் பேர் ஒரே தடத்தில் நடந்தாலே அறுந்து, அந்த இடத்தில் மணல் பறக்கத் தொடங்கும்.

கல்கிசை வந்ததும் கரை அகலும், நாற்காலிகள் தெரியும், சனம் கூடும். நாற்காலி கடைக்காரருடையது, மணல் பொதுவானது. அலையோரமாக யாரும் நடந்து போகலாம். தென்முனையில் உள்ள ஹோட்டல் கட்டடத்தின் தொடக்கம் 1806 இல் தேசாதிபதி தோமஸ் மெயிட்லண்ட் கட்டிய மாளிகை. அது நிற்கும் பாறைமுனையைச் சுற்றி மறுபக்கம் போக முயலவேண்டாம், அலை கல்லில் மோதும் இடம் அது. முனைக்கு முன்பே நடையை முடித்து, நிலையப் பக்கமுள்ள கடவையால் ஏறிவிடுங்கள்.

குளிக்க விரும்புவோருக்கு: பொலிஸ் உயிர்காப்புப் பிரிவினர் கடமையில் இருக்கும் இடம் கல்கிசைக் கரைதான், ஆகவே நடைவழியில் வேறெங்கும் இறங்காமல் அவர்கள் கண்ணுக்கு முன்னால் இறங்குங்கள். சிவப்பும் மஞ்சளுமான இரு கொடிகளுக்கு நடுவே குளிக்கலாம், தனிச் சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் அளவுக்கும் போகக்கூடாது. ஆளை வெளியே இழுத்துப் போகும் ஓட்டம் பார்வைக்கு அமைதியாக இருப்பதுதான் அதன் ஆபத்து. இரு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவிலே அலை உடையாத ஒரு பட்டை, நிறம் சற்றுக் கறுத்து, நுரையும் கலங்கலும் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியால்தான் திரும்புகிறது. நீச்சல் தெரியாதவர்கள் ‘அலை இல்லாத இடம்’ என்று அதையே தெரிவு செய்கிறார்கள். அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைக்கக்கூடாது. மிதந்தபடி கையை உயர்த்தவேண்டும், முடிந்தால் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து கரையேறவேண்டும். கரையில் நிற்பவர் பாய்ந்து இறங்கினால் இருவரும் போவார்கள். மூடிய வெறும் தண்ணீர்க் கலனை எறியுங்கள், மிதக்க அது போதும். உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள். பொலிஸ் 119, சுவசெரிய அம்புலன்ஸ் 1990.

இவ்வளவும் மணல் இருக்கும்வரைதான். களு கங்கை முதலிய ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் மணலை அலை கரையோரமாக வடக்கே நகர்த்துவதால்தான் இந்தக் கரை நிற்கிறது. ஆற்றிலே மணல் அள்ளினால் கரைக்கு வருமதி குறையும். கல் அணை தண்டவாளத்தைக் காக்கிறது, ஆனால் அதில் மோதித் திரும்பும் அலை முன்னாலுள்ள மணலைக் கிளறிக்கொண்டு போகிறது. 2020 இல் கடலடியிலிருந்து மணல் எடுத்துக் கல்கிசைக் கரையில் நிரப்பினார்கள். அந்த ஆண்டுச் சோழகத்திலேயே ஒரு பகுதி கரைந்து போனதும், அது வீண்செலவா, கடலுக்குள் சரிவைச் சமப்படுத்த நடக்கவேண்டியதுதானா என்று வாதம் எழுந்தது. நிரப்பும் மணலில் ஒரு பங்கு கடலடிக்கு இறங்கும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு நிரப்பினார்கள், எவ்வளவு நிற்கும், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் நிரப்பவேண்டும் என்பதைக் கரையிலேயே எழுதி வைத்தால் மக்கள் ஏன் கோபப்படப்போகிறார்கள்? 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கரைக்கு உள்ளே 300 மீற்றரையும் கடலுக்குள் 2 கிலோமீற்றரையும் கரையோர வலயம் என்று வகுத்திருக்கிறது. இந்த நடை முழுவதும் அதற்குள் அடங்குகிறது.

பொறுப்பானவர்களிடம் கேட்பது பெரிய வேலை ஒன்றுமில்லை. தெஹிவளை நிலையத்தின் தென்முனையில் கைப்பிடியோடு மணலுக்கு இறங்கும் படிக்கட்டு ஒன்று. அது இருந்தால் தண்டவாளத்தில் ஐந்தடிகூட நடக்கத் தேவையில்லை. ஒடுங்கிய பகுதியின் இரு முனையிலும் மூன்று மொழியிலும் ஒரு பலகை: ‘மணல் இங்கே ஒடுங்குகிறது, கடல் ஏறும்போது திரும்பவும்’ என்று. கொடிகளின் பொருளையும் அதிலேயே படமாகப் போட்டால் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் விளங்கும். குப்பைத் தொட்டிகளைத் திங்கள் காலையிலும் போயாவுக்கு மறுநாளும் வெறுமையாக்கவேண்டும், இல்லாவிட்டால் காகங்கள் அவற்றைக் கரை முழுக்க இறைத்துவிடுகின்றன.

வாசகர்கள் படிக்கட்டு வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. வாடை தொடங்கி மணல் சேர்ந்ததும், ஒரு சனிக்கிழமை காலை ஆறரைக்குத் தெஹிவளைக் கரையில் இறங்கி முதலில் குப்பைக் கோட்டைப் பாருங்கள். அதற்கு மேலே ஆறு எட்டு மணல் இருந்தால் தெற்கே திரும்பி நடக்கத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தெஹிவளை.